கையில் இருப்பது எந்தப் பதிப்பு? பிரான்சுக்கு வெளியே எழுதப்பட்ட பிரெஞ்சு இலக்கியத்தை முதுகலையில் படிப்பது பற்றி

ஜூலை 4 – வாசகர் கேள்வி

எம்.ஏ. பிரெஞ்சு முதலாண்டு. ‘பிராங்கோபோன் இலக்கியம்’, அதாவது பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சில் எழுதப்பட்டவை என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். மார்த்தினிக் கவிஞர் செசேர், ஐவரிகோஸ்ட்டின் குருமா, அல்ஜீரியாவின் கத்தெப் யாசின், மொரிஷியஸின் அனந்தா தேவி, கனடாவின் கியூபெக் மாகாண நாடகம் ஒன்று. பிரெஞ்சில் பி2 (ஆறில் நான்காம் நிலை) முடித்தாயிற்று. என் கணக்கு இதுதான்: ஆளுக்கு ஒரு புத்தகம், ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது, மேலே கொஞ்சம் பின்காலனியக் கோட்பாடு தூவுவது. பிரான்சு நாட்டு இலக்கியத்தைவிட இது சுலபம்தானே? மொழி எளிமை, கதையும் நம்ம ஊர்க் கதை மாதிரி இருக்கிறது. தப்பென்றால் சொல்லுங்கள்.

ஜூலை 4, இரவு

தப்பு. ‘மொழி எளிமை’ என்பதுதான் முதல் பொறி. தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறப்போம், தெரிந்த சொல்லுக்கு யாரும் திறப்பதில்லை. இந்தத் தாளில் காலை வாருவதெல்லாம் தெரிந்த சொற்கள்தான்.

செனகல் நாவலில் ‘இவெர்னாழ்’ என்று வரும். ‘இவேர்’ குளிர்காலம் என்று முதல் பாடத்தில் படித்தவர் இதையும் குளிர்காலமாக்கிவிடுவார். அது மழைக்காலம், ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரை. கதையில் எல்லோரும் வியர்க்க வியர்க்க விதைத்துக்கொண்டிருப்பார்கள், வாசகர் மட்டும் கம்பளி தேடுவார். கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் எழுத்திலும் அதே சொல் மழைக்காலம்தான். அங்கே ‘கரேம்’ என்பது வறண்ட பருவம். அதைத் தவக்காலம் என்று பிடித்துக்கொண்டு மதக் குறியீடு தேடினால் மூன்று பக்கம் வீண்.

‘கோன்செசியோன்’ மேற்கு ஆப்பிரிக்காவில் சலுகை இல்லை. ஒரு குடும்பத்தின் பல குடில்களும் நடுமுற்றமும் சேர்ந்த வளாகம். ‘அபித்தாசியோன்’ கரீபியனில் வெறும் குடியிருப்பு இல்லை, அடிமைகள் உழைத்த தோட்டம். ‘மார்ரோன்’ பழுப்பு நிறம் இல்லை, தோட்டத்திலிருந்து தப்பி மலையேறிய அடிமை. கியூபெக்கில் ‘மா ப்ளோந்த்’ என்றால் என் காதலி. அவள் தலைமுடி கன்னங்கறுப்பாகவும் இருக்கலாம். ‘தினே’ அங்கே மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாட்டுக்கு ‘சூப்பே’. தெரியாமல் படித்தால் கதையின் கடிகாரமே ஆறு மணி நேரம் தள்ளிப் போய்விடும்.

ஜூலை 5

அகராதி எது என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று போதாது. பொதுப் பிரெஞ்சுக்குச் சேனெர்த்தேல் தளத்தில் உள்ள ‘த்ரெசோர்’ அகராதி: இலவசம், பழைய பொருள்கள்வரை இருக்கும். கியூபெக்குக்கு ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘உசித்தோ’: 2019 முதல் இதுவும் இலவசம். எல்லா நாட்டுக்கும் சேர்த்து 2021 இல் வந்த ‘பிராங்கோபோன்களின் அகராதி’ இணையத்தில் இருக்கிறது. ஒரு சொல்லின் எந்தப் பொருள் எந்த நாட்டில் என்று காட்டும். ஆனால் பலர் சேர்ந்து நிரப்பும் அகராதி அது. ஒரு பதிவை மட்டும் நம்பி ஆய்வேட்டில் வாதம் கட்டாதீர்கள். ஆப்பிரிக்கப் பிரெஞ்சுக்கு 1983 இல் வந்த ‘கறுப்பு ஆப்பிரிக்கப் பிரெஞ்சின் சொல்தனித்தன்மைப் பட்டியல்’. தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்தத் தாளுக்கு அதுதான் தங்கச் சுரங்கம்.

வேலை முறை: ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்தி. சொல், பக்கம், பிரான்சில் அதன் பொருள், இந்த நூலில் அதன் பொருள். 200 பக்க நாவலுக்கு 60, 70 சொல் சேரும். முதல் 30 பக்கத்திலேயே பாதி வந்துவிடும், பிறகு குறையும். குறையவில்லை என்றால் ஆசிரியர் வேண்டுமென்றே செய்கிறார் என்று பொருள், அப்போது நோட்டு வேறு வேலைக்குப் பயன்படும். அதை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 6

அமாது குருமா, ‘லெ சொலேய் தெஸ் ஆந்தெபாந்தான்ஸ்’. முதல் வாக்கியத்திலேயே ஒருவர் ‘முடிந்துவிட்டார்’. ‘ஃபினீர்’ என்ற வினை. பாரிஸ் வாசகருக்கு ‘எதை முடித்தார்?’ என்று தடுக்கும். இறந்துவிட்டார் என்று பொருள். மலின்கே என்ற மேற்கு ஆப்பிரிக்க மொழியின் மரபைப் பிரெஞ்சு வினைக்குள் போட்டு எழுதியிருக்கிறார்.

இது பிழையா, நடையா? தமிழில் வைத்துப் பாருங்கள். ‘காலமானார்’ என்கிறோம். அதைப் பிரெஞ்சில் ‘மாண்டார்’ என்று எழுதாமல் ‘அவர் காலம் ஆகிவிட்டார்’ என்றே ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? இலக்கணம் பிரெஞ்சு, மூச்சு தமிழ். குருமா அதை ஒரு முழு நாவலுக்குச் செய்தார். விளைவு? பாரிஸ் பதிப்பகங்கள் முதலில் திருப்பி அனுப்பின. நூல் முதலில் வெளிவந்தது மொன்ரியால் பல்கலைக்கழக அச்சகத்தில், 1968 இல். பாரிஸின் ஸேய் பதிப்பகம் 1970 இல்தான் போட்டது. பல மாணவர்க் கட்டுரைகளில் ‘1970 இல் வெளியான’ என்றே இருக்கும். இரண்டு ஆண்டுப் பிழைதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டில்தான் விஷயமே இருக்கிறது. ஐவரிகோஸ்ட்காரரின் நாவலுக்கு முதலில் கதவு திறந்தது பாரிஸ் இல்லை, கியூபெக்.

பிந்தைய நாவலான ‘அல்லா நெ பா ஒப்ளிழே’ (2000) இன்னும் ஒரு படி மேல். கதை சொல்லும் சிறார்ப் போராளி பிராயிமா கையில் நான்கு அகராதி: லாரூஸ், பெத்தி ரொபேர், ஹாராப்ஸ், நான் நேற்றுச் சொன்ன அதே சொற்பட்டியல். அடைப்புக்குறிக்குள் பொருள் சொல்லிக்கொண்டே போவான். அதைப் பதிப்பாளர் சேர்த்த விளக்கமென்று தாண்டிவிடாதீர்கள், அடைப்புக்குறிக்குள்தான் நாவலின் கிண்டல் முழுக்க இருக்கிறது. ஆப்பிரிக்கச் சொல்லைப் பிரெஞ்சுக்காரருக்கும் பெரிய பிரெஞ்சுச் சொல்லை ஆப்பிரிக்கருக்கும் விளக்குகிறான். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஜூலை 6, பிற்பகல்

“ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பதற்குப் பதில் வரவில்லையே?”

வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இல்லை, பின்னால். ஒரு அத்தியாயத்தைப் பிரெஞ்சில் முடித்துவிட்டு ஆங்கிலத்தைப் பாருங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கே மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு முட்டியிருக்கிறது, அந்த இடமே உங்கள் கட்டுரைக்கான இடம். முன்கூட்டியே ஆங்கிலத்தைப் படித்தால் ‘முடிந்துவிட்டார்’ கண்ணிலேயே படாது, ‘இறந்தார்’ என்றுதான் மூளை வாசிக்கும்.

வேகம் பற்றி: பி2 நிலையில் குருமாவை மணிக்கு 10 பக்கம் படித்தால் நல்ல வேகம். 200 பக்கத்துக்கு 20 மணி நேரம். தேர்வுக்கு முந்தின வாரம் ஐந்து நூலையும் எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 8

“பிரான்சுக்கு வெளியே என்றால் செசேர் எப்படி வருவார்? மார்த்தினிக் பிரான்சுதானே?”

நல்ல கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட. மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, ரெயூனியோன் நான்கும் 1946 மார்ச் 19 சட்டத்தின்படி பிரான்சின் மாவட்டங்கள். அந்த மசோதாவை அவையில் முன்வைத்த அறிக்கையாளரே செசேர்தான். 1945 முதல் 1993 வரை பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். ஆனாலும் புத்தகக் கடையில் அவர் ‘பிராங்கோபோன்’ அலமாரியில். அயர்லாந்துக்காரர் பெக்கெட், ருமேனியர் அயனெஸ்கோ, ஜெனீவாவில் பிறந்த ரூசோ, பெல்ஜியக்காரர் மிஷோ ‘பிரெஞ்சு இலக்கியம்’ அலமாரியில். நிலப்படத்தை வைத்து இந்தப் பிரிவை விளக்க முடியாது.

சொல்லின் வரலாறு: ‘பிராங்கோபோன்’ என்பதை 1880 இல் பயன்படுத்தியவர் ஒனேசிம் ரெக்லூ என்ற புவியியலாளர். காலனிகளில் யார் யார் பிரெஞ்சு பேசுகிறார்கள், பேசப்போகிறார்கள் என்று தலை எண்ணுவதற்காக. பிறகு சொல் தூங்கிவிட்டது. 1962 நவம்பரில் ‘எஸ்ப்ரி’ இதழின் சிறப்பு மலரில் செனகல் கவிஞரும் அதிபருமான செங்கோர் போன்றவர்கள் எழுப்பினார்கள். 2007 மார்ச்சில் 44 எழுத்தாளர்கள் ‘ல மோந்த்’ நாளிதழில் அறிக்கை விட்டு, பிராங்கோபோனி வேண்டாம், ‘பிரெஞ்சில் உலக இலக்கியம்’ என்று சொல்லுங்கள் என்றார்கள். அறிக்கை எழுதிப் பதினெட்டு ஆண்டுக்கு மேலாகிவிட்டது, தாளின் பெயர் இன்னும் மாறவில்லை.

இதற்கு நடைமுறைப் பயன் உண்டு. பிரான்சில் பேராசிரியர்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் தேசியக் குழுவில் 9 ஆம் பிரிவு பிரெஞ்சு மொழியும் இலக்கியமும், 10 ஆம் பிரிவு ஒப்பிலக்கியம். பிராங்கோபோனிக்குத் தனி எண் இல்லை. சிலர் 9 இல், சிலர் 10 இல். ஆய்வுக்கு வழிகாட்டி தேடுபவர் பிரெஞ்சுத் துறைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘யாருமே இல்லை’ என்று சொல்வது இதனால்தான். ஒப்பிலக்கியப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

ஜூலை 9

இனி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. புத்தகம் கைக்கு வந்ததும் முதல் அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், கடைசித் தாள், இரண்டையும் படியுங்கள். முதல் பதிப்பு எங்கே, எந்த ஆண்டு, இது எத்தனையாவது வடிவம்.

செசேரின் ‘காயே’, அதாவது தாய்நாட்டுக்குத் திரும்பும் குறிப்பேடு, ஒரு கவிதை இல்லை, குறைந்தது நான்கு. 1939 ஆகஸ்டில் ‘வொலோந்தே’ இதழில் வந்தது ஒன்று. 1947 இல் நியூயார்க்கின் ப்ரெந்தானோ பதிப்பு, அதே ஆண்டு பாரிஸில் போர்தாஸ் பதிப்பு. 1956 இல் பிரெசான்ஸ் ஆஃப்ரிக்கேன் பதிப்பு. இன்று கடையில் கிடைப்பது 1956 இன் வழி. போர்க்காலத்துக்குப் பிந்தைய வடிவங்களில் சர்ரியலிசப் படிமம் பெருகியது. 1956 இல் சிலவற்றை வெட்டி அரசியல் குரலை உயர்த்தினார். அந்த ஆண்டில்தான் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்தும் விலகினார். ‘1939 இல் செசேர் இப்படி எழுதினார்’ என்று 1956 வரியை மேற்கோள் காட்டும் கட்டுரை இந்தத் தாளில் வரும் மிகச் சாதாரணமான பிழை. தேர்வாளர் இதைத் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே பேனாவை மூடுவார். ஒப்பிட வேண்டுமானால் சேனெர்ரெஸ் பதிப்பகத்தின் ‘பிளானெத் லிப்ர்’ வரிசையில் 2013 இல் வந்த செசேர் தொகுதி நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே வரிசையில் செங்கோர், மடகாஸ்கரின் ராபெரிவேலோ தொகுதிகளும் உண்டு.

ரெனே மரானின் நாவல் ‘பத்துவாலா’: 1921 இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு, 1938 இல் ஆசிரியரே திருத்திய ‘இறுதிப் பதிப்பு’. பரிசு வாங்கிய வாசகம் ஒன்று, பெரும்பாலும் நீங்கள் படிப்பது மற்றொன்று.

கத்தெப் யாசினின் ‘நெஜ்மா’ (1956) முன்னால் ஒரு ‘எச்சரிக்கைக் குறிப்பு’ வரும். அரபுச் சிந்தனையில் காலம் வட்டமாகச் சுழல்கிறது, அதனால் நாவலும் சுழல்கிறது என்கிற தொனியில். அதை எழுதியது கத்தெப் இல்லை, பதிப்பகம். அல்ஜீரிய நாவலைப் பிரெஞ்சு வாசகருக்கு விற்கக் கட்டிய படிக்கட்டு அது. ‘கத்தெப் சொல்வதுபோல’ என்று அதை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் போகும். ‘பதிப்பகம் ஏன் இப்படிச் சொல்ல நேர்ந்தது’ என்று கேட்டால் கட்டுரை பிறக்கும்.

ஜூலை 10 – திருத்தம்

ஒரு வாசகர் தனியே கேட்டார்: கறுப்பர் என்ற அடையாளத்தைப் பெருமையோடு ஏற்கும் ‘நெக்ரித்யூத்’ என்ற சொல் முதலில் வந்தது 1939 காயேயில்தானே? பழைய பாடநூல்கள் அப்படித்தான் சொல்லும். இல்லை. 1935 இல் பாரிஸில் வந்த ‘லெத்யூதியான் ந்வார்’ மாணவர் இதழில் செசேர் அதைப் பயன்படுத்திவிட்டார். உலகறியச் செய்தது கவிதை, அவ்வளவுதான்.

ஜூலை 11

சும்மா ஒன்று. தொண்ணூறுக்குப் பிரான்சில் ‘நான்கு இருபது பத்து’. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் ‘நொனாந்த்’, ஒரே சொல். எண்பதுக்கு சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் ‘விதாந்த்’. ஆக, பிரெஞ்சு மொழியைக் கணக்குக்கு உதவும்படி வைத்திருப்பவர்கள் பிரான்சுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

ஜூலை 13

கோட்பாடு. ‘கொஞ்சம் தூவுவது’ என்று கேள்வியில் இருந்ததே, அது கொத்தமல்லித் தழை வேலை. குழம்பு ஏற்கெனவே கெட்டிருந்தால் தழை காப்பாற்றாது.

மாணவர்கள் பொதுவாக ஆங்கிலத்தில் படித்த கோட்பாட்டைப் பிரெஞ்சுக்குப் பெயர்த்து ஒட்டுகிறார்கள். கலப்பு, இடைவெளி, மறுபக்கம், எல்லா நாவலுக்கும் ஒரே ஒட்டு. பிரெஞ்சுக்குள்ளேயே பேசப்பட்டவை இந்த நூல்களுக்கு நெருக்கமானவை. மார்த்தினிக்கில் பிறந்த ஃபனோனின் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ (1952): மொழி பற்றிய முதல் அத்தியாயம் மட்டுமாவது. அதே தீவின் கிளிஸ்ஸானின் ‘திஸ்கூர் ஆந்தியே’ (1981), தடித்த புத்தகம், பொருளடக்கம் பார்த்துத் தேவையானதை எடுங்கள். பெர்னபே, ஷமுவாசோ, கோன்ஃபியான் மூவரின் ‘கிரெயோல்தன்மைக்குப் புகழுரை’ (1989; கிரெயோல் என்பது தீவுகளில் பிரெஞ்சு கலந்து பிறந்த மொழி) சிறியது, ஒரு மாலையில் முடியும், சண்டை போடவும் வசதியானது. பல்கலைக்கழக நூல்களில் ழான்-மார்க் மூரா (1999) பின்காலனியக் கோட்பாட்டையும் பிராங்கோபோன் இலக்கியத்தையும் பொருத்திக் காட்டுகிறார். கியூபெக்கின் லீஸ் கோவேன் சொல்லும் ‘மொழி மீதான மிகைவிழிப்பு’ ஒன்று கையில் இருந்தால் குருமாவுக்கும் கியூபெக் நாடகாசிரியர் த்ராம்ப்ளேக்கும் இரண்டுக்கும் உதவும்: எந்தப் பிரெஞ்சில் எழுதுவது என்று முடிவெடுக்காமல் இவர்களால் ஒரு வரிகூட எழுத முடியாது என்பது அதன் சாரம்.

கிளிஸ்ஸான் ‘தெளிவின்மைக்கான உரிமை’ என்று ஒன்று சொல்வார். மற்றவருக்கு முழுக்கப் புரியாமல் இருக்கும் உரிமை. அகராதி பார்க்காததற்குச் சாக்காக அதைச் சொல்லக்கூடாது.

ஜூலை 15

“நான்கு மணி நேரத் தேர்வில் உரைவிளக்கம் (கொடுத்த பகுதியை விளக்கும் கட்டுரை) எழுத நேரம் போதவில்லை.”

பகுதி 30 வரி என்று வைத்துக்கொள்வோம். முதல் முக்கால் மணி எழுதவே கூடாது. முதல் வாசிப்பு: யார் பேசுகிறார், யாரிடம். இரண்டாவது: வினைக்காலங்களைக் கோடிடுங்கள். மூன்றாவது: பிரெஞ்சு அல்லாத சொற்கள், பிரெஞ்சாக இருந்தும் பொருள் மாறிய சொற்கள். பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறதா, சாய்வெழுத்தில் இருக்கிறதா, எதுவுமில்லாமல் சும்மா விடப்பட்டிருக்கிறதா என்று குறியுங்கள். இந்த மூன்று நிலைக்கும் மூன்று வேறு வாசகர். அடுத்த முக்கால் மணியில் பிரச்சினையை ஒரே கேள்வியாக எழுதி, கட்டுரையை இரண்டு அல்லது மூன்று அச்சாக, அதாவது பெரும் பிரிவாகப் பிரியுங்கள். முன்னுரையையும் முடிவுரையையும் வரைவாக எழுதிவிடுங்கள். மீதியில் இரண்டேகால் மணி எழுத்து, 15 நிமிடம் பிழைதிருத்தம்.

கெடுவது எங்கே? முதல் அச்சு ‘உள்ளடக்கம்’, இரண்டாவது ‘வடிவம்’ என்று பிரிப்பது. பிரெஞ்சுத் தேர்வாளர் இதை மன்னிப்பதில்லை. அடுத்தது, நாவலைச் சாட்சியமாகப் படிப்பது: ‘ஆப்பிரிக்கப் பண்பாட்டை ஆசிரியர் காட்டுகிறார்’. பால்சாக் பற்றி எழுதும்போது ‘பிரெஞ்சுப் பண்பாட்டைக் காட்டுகிறார்’ என்று எழுதிவிட்டு எழுந்து போவீர்களா? அங்கே நடையைப் பார்ப்பவர் இங்கே மட்டும் மானிடவியலாளர் ஆகிவிடுகிறார்.

ஜூலை 16

மேலே போட்ட நேரக்கணக்கு உரைநடைக்கு. நாடகப் பகுதி என்றால் மாறும். த்ராம்ப்ளேயின் ‘லெ பெல்-சேர்’ (முதல் மேடையேற்றம் 1968 ஆகஸ்ட் 28, மொன்ரியாலின் ரிதோ வேர் அரங்கு) எழுதப்பட்டிருப்பது ‘ழுவால்’, மொன்ரியால் உழைக்கும் மக்களின் பேச்சு. கண்ணால் படித்தால் எழுத்துப்பிழைக் குவியலாகத் தெரியும். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்: ‘முவே’ என்றால் நான், ‘ஷ்யூ’ என்றால் நான் இருக்கிறேன், ‘பாந்தூத்’ என்றால் கொஞ்சமும் இல்லை. தேர்வு அறையில் உதட்டை மட்டும் அசையுங்கள்.

இன்னொன்று: கொங்கோ எழுத்தாளர் மபாங்குவின் நாவல் ‘வேர் காசே’ (2005) பாடத்தில் இருந்தால் முற்றுப்புள்ளியைத் தேடாதீர்கள், இல்லை. எல்லாம் காற்புள்ளி. வாக்கியங்களுக்குள் பிற நூல்களின் தலைப்புகள் ஒளிந்திருக்கும். தேடுவது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் 40 தலைப்பைப் பட்டியலிட்டால் அது கட்டுரையாகாது.

ஜூலை 20

“அனந்தா தேவி பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நமக்கு நெருக்கமானவர் ஆயிற்றே!”

‘நமக்கு நெருக்கம்’ என்பதுதான் என் தயக்கம். மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்த மகிழ்ச்சியில் மொரிஷியஸ் நாவலை நம் வீட்டுக் கதையாகப் படித்துவிடுகிறோம். அனந்தா தேவியின் குடும்ப வேர் தெலுங்கு. நூல்களில் கிரெயோலும் போஜ்புரியும் கேட்கும். ‘ஈவ் தெ சே தெகோம்ப்ர்’ (2006) போர்ட் லூயியில் ‘த்ரூமாரோன்’ என்ற கற்பனைப் பேட்டையில் நடக்கிறது. நான்கு இளையவர் மாறி மாறிப் பேசுவார்கள். ஜூலை 4 குறிப்பில் ‘மார்ரோன்’ என்ன என்று எழுதியிருந்தேனே, பேட்டையின் பெயரை இப்போது மறுபடி சொல்லிப் பாருங்கள். தப்பியோடிய அடிமையின் பொந்து. நாவலில் யாரும் இதற்கு அடிக்குறிப்பு போட மாட்டார்கள்.

இன்னொரு மொரிஷியஸ் எழுத்தாளர் நத்தாஷா அப்பானாவின் ‘லெ ரொஷே தெ பூத்ர் தோர்’ (2003) கூலிக் கப்பல் கதை. பூத்ர் தோர் மொரிஷியஸில் உள்ள ஊர்ப்பெயர், சொல்லுக்குச் சொல் ‘தங்கப் பொடி’. கல்லைப் புரட்டினால் தங்கம் என்று ஆசை காட்டி ஏற்றப்பட்டவர்களைப் பற்றிய நாவலுக்கு ஊர்ப்பெயரே தலைப்பு.

அட்டையையும் பாருங்கள். காலிமார் பதிப்பகம் 2000 இல் ‘கறுப்புக் கண்டங்கள்’ என்று தனி வரிசை தொடங்கியது. தேவியின் ‘பாக்லி’யும் அப்பானாவின் தொடக்க நாவல்களும் அதில் வந்தன. பிறகு இருவரும் வெள்ளை அட்டை ‘ப்ளான்ஷ்’ வரிசைக்கு ஏறினார்கள். அலமாரிப் பிரிவினை என்று ஜூலை 8 இல் சொன்னது ஒரே பதிப்பகத்துக்குள்ளேயே நடக்கிறது.

தமிழ்த் தொடர்பு வேறு இடங்களில் உறுதியாக இருக்கிறது. 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும். அந்தத் தீவுகளின் நாவலில் ‘கூலி’ என்று வரும் பாத்திரம் பெரும்பாலும் தமிழர் வழி. ரெயூனியோனில் ‘மல்பார்’ என்றால் மலையாளி என்று எழுதாதீர்கள். அங்கே அது தென்னிந்திய, பெரும்பாலும் தமிழ்வழி இந்துக்களைக் குறிக்கும் சொல்.

புதுச்சேரியைக் களமாக வைத்து ஆரி கோத்தியே பிரெஞ்சில் எழுதிய நாவலின் பெயர் ‘ல திண்ணை’. பாரிஸ்காரர் ‘திண்ணை’ என்ற இடத்தில் நின்று யோசிப்பார், நமக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். குருமாவை மலின்கே வாசகர் எப்படிப் படிப்பார் என்பதை ஊகிக்க இதைவிடச் சுலபமான பயிற்சி இல்லை. பாடத்தில் இல்லாவிட்டாலும் 20 பக்கம் படியுங்கள்.

ஜூலை 23

நூல் கிடைக்காதது பற்றி மூன்று பேர். கிடைக்காமல் போனதும் சில நூல்களின் வரலாற்றில் ஒரு பகுதிதான். மாலி நாட்டின் யாம்போ உவலோகெமின் ‘ல தெவ்வார் தெ வியோலான்ஸ்’ 1968 இல் பிரான்சின் ரெனோதோ பரிசு பெற்றது. கிரஹாம் கிரீன் உள்ளிட்டோரின் வரிகளை எடுத்தாண்டதாகக் குற்றச்சாட்டு வந்ததும் பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. 2003 இல்தான் மறுபதிப்பு. ஹைத்தியின் மரி வியே-ஷோவேயின் ‘அமூர், கோலேர், ஃபொலீ’யும் 1968. அங்கிருந்த சர்வாதிகாரி துவாலியேயின் ஆட்சி பழிவாங்கும் என்ற அச்சத்தில் விநியோகம் நிறுத்தப்பட்டு, பல பத்தாண்டு நிழலில் கிடந்தது. இப்போது ஸுல்மா பதிப்பகத்தில் கிடைக்கிறது.

இலவசமாகப் படிக்க: தீவுகளின் எழுத்தாளர்களுக்கு ‘ஈல் ஆன் ஈல்’ தளம், மக்ரெப் (அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா) நூல்விவரத்துக்கு ‘லிமாக்’, கியூபெக் ஆய்விதழ்களுக்கு ‘எருதி’, பழைய அச்சுக்குப் பிரான்சு தேசிய நூலகத்தின் ‘கல்லிகா’. ஃபனோன் நூல்கள் கியூபெக்கின் ஷிகுத்திமி பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கின்றன.

ஜூலை 24 – திருத்தம்

“பதிப்புரிமை இருக்கும்போது ஃபனோன் எப்படி இலவசம்?” சொல்லாமல் விட்டது என் பிழை. உரிமைக்காலம் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் இறப்புக்குப் பின் 70 ஆண்டு. 1961 இல் இறந்த ஃபனோன் அங்கே 2031 முடியும்வரை உரிமையில் இருப்பார். கனடாவில் முன்பு 50 ஆண்டுதான். 2022 கடைசியில் 70 ஆக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே உரிமை முடிந்து பொதுச்சொத்து ஆனவை அப்படியே இருக்கும். இந்தியாவில் 60. மரானும் காம்யுவும் 1960 இல் இறந்தவர்கள், இங்கே 2021 முதல் பொதுச்சொத்து, பிரான்சில் 2031 இல்தான். மூல வாசகத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு. புதிய முன்னுரை, குறிப்பு, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் தனி உரிமை.

ஜூலை 29

“பிரான்சில் மாஸ்டர் செய்ய இந்தத் துறையில் எந்தத் தலைப்பு எடுபடும்?”

நடைமுறை முதலில்: இரண்டு ஆண்டு, நான்கு அரையாண்டு, 120 பாடப் புள்ளி. இந்தியாவிலிருந்து ‘எத்யூத் ஆன் பிரான்ஸ்’ வாயில் வழியே விண்ணப்பம். பி2 பெரும்பாலும் வாசற்படி, சி1 இருந்தால் நிம்மதி. டால்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்தேர்வின் சி1 இல் நூற்றுக்கு 50 தேறினால் போதும், ஆனால் நான்கு பகுதி ஒவ்வொன்றிலும் 25 க்கு 5 ஆவது வேண்டும்.

தலைப்பு: ‘பிராங்கோபோன் நாவலில் அடையாளம்’ என்று அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். ஒரு நூல், ஒரு கேள்வி, எந்தப் பதிப்பு என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். இந்த இழையிலேயே ஒன்று கிடக்கிறது. மேலே சிதறியிருக்கும் ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்: குருமாவின் மொன்ரியால் பதிப்பு, உவலோகெம், வியே-ஷோவே, த்ராம்ப்ளேயின் மேடையேற்றம், நான்கும் 1968. அந்த ஆண்டென்றால் பாரிஸ் மாணவர் கிளர்ச்சி மட்டும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். நான்கையும் ஒரே ஆய்வேட்டில் திணிக்காதீர்கள், நூறு பக்கத்துக்குள் அடங்காது. இரண்டை எடுங்கள். குருமாவும் த்ராம்ப்ளேயும் என்றால் இரண்டுக்கும் ஊர் மொன்ரியால், கேள்வி ‘எந்தப் பிரெஞ்சு’.

ஆகஸ்ட் 1

முதல் கேள்வி கேட்டவர்: “காயேயின் கடைசிச் சொல் ‘வெரிசியோன்’ எந்த அகராதியிலும் இல்லை. நீங்கள் சொன்ன நான்கிலும் தேடிவிட்டேன். என் பிரதியில் அச்சுப்பிழையா?”

அச்சுப்பிழை இல்லை. பெருக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து செசேர் தாமே செய்ததாகச் சொன்ன சொல். நோட்டில் மூன்றாம் பத்தியை, ‘பிரான்சில் அதன் பொருள்’ என்பதை, வெறுமையாக விடுங்கள். உங்கள் பிரதியின் பின்பக்கத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது?